மூச்சுக்கு ஒரு ஊசி, பேச்சுக்கு ஒரு ஊசி

கண்ணைத் திறந்துவிட்டால் ஆள் பிழைத்துவிட்டான் என்று நினைக்கிற கூட்டத்தோடுதான் இத்தனை காலமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, உதடு என்ன நிறம், நாடி எப்படி ஓடுகிறது, இதெல்லாம் ஒருவருக்கும் பொருட்டில்லை. கட்டிலைச் சுற்றிக் கும்பலாக நின்றுகொண்டு, முழித்தாரா, பேசினாரா என்று கேட்பார்கள். பேசாதவன் பாதிப் பிணம், பேசுகிறவன் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவன். இதில் படித்தவன் படிக்காதவன் பேதமே கிடையாது. என் முதலாளி டாக்டருக்குப் படித்தவர், அவரும் இந்தக் கூட்டம்தான்.

பழவேற்காட்டில் மீன் இறங்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது நான் வேலை பார்த்த மருத்துவமனை. கீழே பத்துப் படுக்கை, மாடியில் முதலாளி வீடு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்துக்கொண்டால், கீழே யார் குடி முழுகினாலும் எழுப்பக்கூடாது என்பது சட்டம். அவர் பெரிய டாக்டர், நான் டாக்டரம்மா. ஏரிக்கு மேற்கே நெல் விளைகிற ஊர்க்காரி நான். குப்பத்து ஆட்களுக்கு அதில் ஒரு நக்கல் உண்டு. "நெல்லு ஊரு அம்மாவா, அதான் மீனு பேரு தெரில" என்பார்கள். தெரியாதுதான். மாத்திரையின் பெயர் தெரியாமல் கலரைச் சொல்லி வாங்கி விழுங்குகிறவர்கள் என்னைக் கிண்டல் செய்வதைக் கேட்டுக்கொண்டு ரத்த அழுத்தம் பார்ப்பேன்.

அவசர சிகிச்சை அறையில், சாமி படம் போட்ட காலண்டருக்குப் பக்கத்தில், மருந்து கம்பெனிக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன அட்டை ஒன்று தொங்கியது. ஓபியாய்டு வகை வலிமருந்து உடம்பில் அளவுக்கு மீறிச் சேர்ந்து மூச்சு அடங்கிப்போகிறவர்களுக்கு நலாக்சோன் ஊசி எவ்வளவு போடுவது என்று அதில் இருந்தது. பெரியவர்களுக்கு முதலில் 0.4 முதல் 2 மில்லிகிராம். மூச்சு சீராகாவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் போடலாம். மொத்தம் 10 மில்லிகிராம் உள்ளே போயும் அசைவில்லை என்றால் நோய் வேறு ஏதோ என்று யோசிக்க வேண்டும். இவ்வளவும் கொட்டை எழுத்தில். அதற்கு அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி: வலிமருந்துக்குப் பழகிய உடம்பு என்றால் 0.04 மில்லிகிராமில் தொடங்கி, மூச்சைப் பார்த்துப் பார்த்து ஏற்றவும். முதலாளி கொட்டை எழுத்தை மட்டும் படிப்பவர். அவருக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூச்சம்.

அந்த மருந்தை வாங்கி வைக்கச் சொல்லி நான் நச்சரித்தபோது, "இதென்னம்மா, அமெரிக்காவா? இங்கே எவன் வரப்போறான் இதுக்கு?" என்றார். வந்தான். வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி நரம்பில் ஏற்றிக்கொண்ட இளைஞன் ஒருவனை நண்பர்கள் மூட்டையாகத் தூக்கிவந்து போட்டார்கள். நல்லவேளை, நச்சரிப்பு தாங்காமல் ஒரு டப்பா வாங்கியிருந்தார். ஒரு ஆம்பியூல், சின்னக் கண்ணாடிக் குப்பி, உடைத்துப் போட்டேன். எழுந்து உட்கார்ந்தான். எழுந்தவன் முதல் காரியமாக என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். என் அம்மாவை அவன் பார்த்ததுகூட இல்லை. படுத்திரு, இரண்டு மணி நேரமாவது இங்கேயே இருக்கணும் என்று கெஞ்சியதை அவன் நண்பர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அதான் எழுந்துகினானே" என்று பைக்கில் நடுவில் உட்கார வைத்து, ஏதோ தேர்தலில் ஜெயித்தவனைப் போல அழைத்துக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னாலிருந்து அதே மூட்டையைத் திரும்பவும் கொண்டுவந்து போட்டார்கள். இரண்டாம் தடவையும் பிழைத்தான். பிழைத்து, திரும்பவும் என் அம்மாவை இழுத்தான்.

அதற்குப் பிறகு நான் எல்லோருக்கும் பஸ் கதை சொல்ல ஆரம்பித்தேன். பொன்னேரி பஸ்ஸில் வலிமருந்து ஜன்னலோரமாக ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. நலாக்சோன் ஏறி, அதைக் கழுத்தைப் பிடித்து எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் இது பாதி வழியில் இறங்கிவிடும் ஆள். அரை மணி, ஒரு மணி, மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி. எழுப்பிவிடப்பட்டது பஸ்ஸை விட்டு இறங்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இடம் காலியானதும் மறுபடி வந்து உட்காரும். அதனால் எழுந்துவிட்டான் என்று விட்டுவிடக் கூடாது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒருவர், பொன்னேரி பஸ்ஸில் ஜன்னலோரம் எப்போது கிடைத்தது என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறொருவரைப் பற்றி. ஏரிக்கு அந்தப் பக்கம், லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு குப்பத்துக்காரர். வயது எழுபதுக்குள் இருக்கும். புற்றுநோய் முதுகெலும்புவரை பரவிவிட்டது. இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் வைத்திருங்கள் என்று சென்னையில் சொல்லி, ஃபென்டனில் பட்டை கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அதுவும் அதே ஓபியாய்டு வகை வலிமருந்துதான். பிளாஸ்திரி மாதிரி தோளில் ஒட்டுவது. மூன்று நாளைக்கு ஒருமுறை பழையதை உரித்துவிட்டுப் புதியதை வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். பட்டை மேல் சூடு படக்கூடாது, பட்டால் மூன்று நாள் மருந்து அவசர அவசரமாக உள்ளே இறங்கிவிடும். இதை அவருடைய பெரிய மகனை எதிரே உட்கார வைத்து நானே சொல்லியிருந்தேன். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினான். கோயில் மாடு தோற்றது.

அந்தப் பெரியவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதற்கு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு குடும்பத் தலைவருடையது. அவரால் போக முடியாவிட்டால், தனக்குப் பதில் யார் போவது என்று ஊர்த் தலைவர் எதிரில் தன் வாயால் சொல்ல வேண்டும் என்பது இந்தக் குப்பத்து வழக்கம். ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால், பிறகு அந்தப் பாடு அவனுடையதுதான். இவருக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேருக்கும் தனித்தனிக் குடித்தனம், ஒருவனோடு ஒருவன் முகம் கொடுத்துப் பேசமாட்டான். அவர் படுத்த நாளிலிருந்து பெரியவனிடம், "உனுக்குத்தான்டா" என்பார். அவன் தலை மறைந்ததும் சின்னவனிடம், "அவன் கெடக்கறான், உனுக்குத்தான்டா" என்பார். படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப்போடத் தூக்கிவரும்போது இதை என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார். பாடு கையில் இருக்கிறவரைக்கும் சோறு வரும் என்பது அவர் கணக்கு. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை இருந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அவர் படுத்த பிறகு முதன்முறையாக அவருடைய பாடு வந்த நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் டப்பாவைத் திறக்கும்போது ஆட்டோ வந்து நின்றது. அவர் மனைவி மடியில் அவருடைய தலை. பின்னாலேயே ஒரு பைக், அதற்குப் பின்னால் இன்னொரு பைக். யார் முதலில் வாசலுக்கு வருவது என்று அண்ணனும் தம்பியும் போட்டி போட்டார்கள். ஆளைத் தூக்க இருவரும் வரவில்லை, ஆட்டோக்காரரும் எங்கள் நர்ஸும் தூக்கினார்கள்.

உதடு நீலம் பாரித்திருந்தது. கண்பாவை ஊசிமுனை அளவு சுருங்கியிருந்தது. மூச்சு எப்போதோ ஒன்று, குறட்டை மாதிரி. முகமூடியை வைத்துப் பையை அமுக்கிக் காற்றை உள்ளே அனுப்பிக்கொண்டே, ஆளைத் திருப்பச் சொன்னேன். வலது தோளில் ஒரு பட்டை. இடது தோளில் ஒரு பட்டை. இரண்டும் புத்தம் புதியவை. சுற்றிலும் தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது.

"ரெண்டு பட்டை யார் ஒட்டினது?"

"நான் கார்த்தால ஒட்டுனன் டாக்டரம்மா. வலதுல" என்றான் பெரியவன். வேலையை ஒழுங்காகச் செய்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"இடதுல?"

"நான்" என்றான் சின்னவன். "இன்னா, அவன் மட்டுந்தான் புள்ளையா? நைனாவுக்கு நானுந்தான் பாக்கறன்."

பாடு நாளில் நைனா யார் பெயரைச் சொல்வாரோ என்ற பயத்தில் ஆளுக்கொரு தோளாகப் பாசத்தை ஒட்டியிருக்கிறார்கள். இதைவிடக் கேவலமாக ஒரு மனிதனைக் கொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. தோல் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டேன். அதற்கு அந்த அம்மாதான் பதில் சொன்னாள்.

"மணலு வறுத்து ஒத்தடம் குடுத்தம்மா. வல இழுத்து தோளு புடிச்சிகினா இத்தத்தான் குடுப்போம். நல்லா தூங்கனாரு. அப்பாலிக்கா கொறட்டைக்கு நடுவுல நடுவுல சத்தமே காணோம். பயந்து தூக்கியாந்துட்டன்."

கடற்கரை மணலை வாணலியில் வறுத்து, பழைய வேட்டியில் மூட்டை கட்டி, இரண்டு பட்டைகளின் மேலும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறாள். நான் அவளிடம் கத்தினேன். அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, இளக்காரம் வரவில்லை. சூடு படக்கூடாது என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டவன் வலது தோள் பெருமையோடு பக்கத்தில் நின்றிருந்தான்.

இரண்டையும் உரித்து, வெறும் தண்ணீரால் தோலைத் துடைத்தோம். உரித்துவிட்டதால் எல்லாம் முடிந்துவிடாது. தோலுக்கு அடியில் இறங்கிவிட்ட மருந்து மணிக்கணக்கில் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். இனி நலாக்சோன். ஒரு ஆம்பியூலில் 0.4 மில்லிகிராம். அதைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து, சலைன் விட்டுப் பத்து மில்லியாக்கினேன். ஒரு மில்லிக்கு 0.04. அதில் ஒரு மில்லி போட்டுவிட்டு, பையை அமுக்கிக்கொண்டே காத்திருந்தேன். பிறகு இன்னொரு மில்லி.

"இன்னா டாக்டரம்மா, எறும்புக்கு ஊத்தற மாரி ஊத்தறீங்க? முழுசா போட்டு உடுங்க" என்றான் பெரியவன்.

முழுசாகப் போட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். இவர் உடம்பில் இருக்கும் வலிமருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் போகும். புற்றுநோய் அரித்த முதுகெலும்பின் வலி முழுக்க ஒரே நொடியில் திரும்பும். மூச்சுதான் நமக்கு வேண்டியது, அவர் எழுந்து உட்கார வேண்டியதில்லை, வலி தெரியாமல் மூச்சு விட்டுக்கொண்டு தூங்கினால் போதும். இப்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பெரியவன் சின்னவனைப் பார்த்தான். பல வருஷங்களுக்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"தூங்கனா எப்டி? சொல்லணுமே" என்றான் சின்னவன்.

நாலாவது மில்லியில் நெஞ்சு தானாக ஏறி இறங்க ஆரம்பித்தது. பையை எடுத்துவிட்டு ஆக்சிஜனை மட்டும் வைத்தேன். உதட்டில் நிறம் வந்தது. முகத்தில் சுளிப்பில்லை. தோளைத் தட்டினால் புருவத்தை ஏற்றிவிட்டுத் திரும்பவும் தூக்கத்துக்குள் போனார். என் தொழிலில் மனசு குளிரும் காட்சிகள் குறைவு, இது அதில் ஒன்று. அந்த அம்மாவிடம், "இப்படியே இருந்தா நல்லது" என்றேன். அவள் தலையாட்டினாள். இனி ஆம்புலன்சைக் கூப்பிட்டுச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ராத்திரி முழுக்க மருந்து சொட்டவிட்டு, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வசதி எங்களிடம் இல்லை.

அதற்குள் ஊர்த் தலைவர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டைக்கு வெளியே தெரியும்படி தங்கச் சங்கிலி. மகன்கள் போன் போட்டிருக்கிறார்கள். உள்ளே வந்ததும் நோயாளியைப் பார்த்தார், மணியைப் பார்த்தார்.

"பொழுது சாயறதுக்குள்ள வல கட்டணும் டாக்டரம்மா. இவரு ஒரு வார்த்த சொல்லிட்டார்னா நாங்க பூடுவோம்."

"அவர் பேசுற நிலைமையில இல்ல."

"கேக்கறது ஒரு பேருதான."

"தலைய ஆட்டினா போதாதா உங்களுக்கு?"

"செல்லாதும்மா. வாயால சொல்லணும். முன்ன ஒருத்தரு கண்ண சிமிட்டிச் சொன்னாருன்னு வுட்டு, அது வெட்டுகுத்துல முடிஞ்சிது."

சிமிட்டலில் வெட்டுகுத்து நடத்திய ஊருக்கு இவர் தலைவர். எதிர்த்துப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை என்று நர்ஸை நோயாளி பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஆம்புலன்சுக்கு போன் போட வாசலுக்குப் போனேன். உள்ளே சிக்னல் கிடைக்காது. பக்கத்து வண்டி ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, கும்மிடிப்பூண்டியிலிருந்துதான் வரவேண்டும், நேரமாகும் என்றார்கள். மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லி, நோயாளி நிலைமையை விளக்கிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது.

ஓடினேன். மாடியிலிருந்து முதலாளியை இறக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். என்னால் எழுப்ப முடியாத தூக்கத்திலிருந்து ஊர்த் தலைவரால் அவரை எழுப்ப முடிந்திருக்கிறது. லுங்கிக்கு மேல் டாக்டர் கோட்டு. கையில் காலி சிரிஞ்சு. டிரேயில் உடைத்த ஆம்பியூல் நாலு. நர்ஸ் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"பாத்தியா, எழுந்துட்டார்" என்றார் என்னிடம். சுவரில் இருந்த அட்டையைச் சிரிஞ்சாலேயே காட்டினார். "ரெண்டு மில்லிகிராம் வரைக்கும் போடலாம்னு போட்டிருக்கு. நீ என்னம்மா, சொட்டு மருந்து முகாம் நடத்திட்டிருக்கே?"

எழுந்துதான் விட்டார். கட்டிலில் வில்லாக வளைந்து எழுந்தார். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது, மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன, வாந்தி எடுத்தார், வாந்திக்கு நடுவே அலறினார். நான் ஓடிப்போய் ஒருக்களித்துப் பிடித்தேன். முதுகில் கை பட்டதும் இன்னும் சத்தமாகக் கத்தினார். மருந்தில்லாத அந்த வலியை அவர் பல மாதங்களாக முழுசாகப் பார்த்ததில்லை. நாலு ஆம்பியூலில் எல்லாவற்றையும் ஒருசேரக் காட்டிவிட்டார் எங்கள் பெரிய டாக்டர்.

ஊர்த் தலைவர் குனிந்து அவர் முகத்துக்கு நேராக வந்தார். "பாடு யாருக்குன்னு சொல்லு. சொல்லிட்டு நிம்மதியா படு."

"நைனா, நான்தான் நைனா, பெரியவன்."

"நைனா, இங்க பாரு. என்னப் பாரு."

நான் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். முதலாளி, "ஒரு நிமிஷம்மா, ஊர் விவகாரம்" என்றார். ஊர் விவகாரம் என்றால் அவருக்கு ஒரு குழைவு வந்துவிடும். படுக்கை நிறைவது அந்த ஊர்களால்தானே.

பெரியவர் பற்களைக் கடித்துக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். இரண்டு மகன்களையும் மாதக்கணக்கில் தொங்கலில் போட்டு வேடிக்கை பார்த்த மனிதர், சின்னக் குழந்தை மாதிரி உதடு பிதுங்கக் கேட்டார்.

"எவன் பேர சொன்னா என்ன உடுவீங்க?"

எனக்கு அப்படியே அந்த இடத்தைவிட்டு எங்காவது போய்விட வேண்டும்போல் இருந்தது. வெட்கமாக இருந்தது. மனுஷ ஜென்மம் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கம். ஊர்த் தலைவர் கொஞ்சமும் அசையவில்லை.

"அப்டி கேள்வியா கேட்டா செல்லாதுபா. பேர சொல்லு."

"பெரியவன்" என்றார்.

பெரியவன் நிமிர்ந்தான். சின்னவன் அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நைனாவின் தோளை உலுக்கினான், முதுகு கட்டிலில் மோதியது. "சின்னவன், சின்னவன், சின்னவன்" என்று கத்தினார் பெரியவர். பிறகு எந்த முகம் கிட்டே வந்ததோ அந்த முகத்துக்கு உரிய பெயரைச் சொன்னார். நான் குனிந்தபோது என்னைப் பார்த்துக்கூட, "உனுக்குத்தாம்மா, உனுக்குத்தான்" என்றார்.

அந்த அம்மா அப்போதுதான் நகர்ந்து வந்தாள். இரண்டு மகன்களுக்கும் நடுவில் புகுந்து, அவருக்கும் அவர்களுக்கும் நடுவே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். அவள் முதுகைத் தாண்டி அவரைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மகன்கள் வெளியே போய் வராந்தாவில் சண்டையைத் தொடர்ந்தார்கள். முதலில் சொன்ன பெயர்தான் கணக்கு என்றான் ஒருவன், கடைசியில் சொன்னதுதான் கணக்கு என்றான் மற்றவன். முதலாளி இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தலையை ஆட்டிவிட்டுத் தூக்கத்தைத் தொடர மாடிக்குப் போகப் பார்த்தார், தலைவர் விடவில்லை.

உள்ளே அந்த வலிக்கு நாங்கள் செய்ய முடிந்தது மிகவும் கொஞ்சம். நலாக்சோன் தன் இடத்தை விட்டு இறங்கும்வரைக்கும் எந்த வலிமருந்தும் சரியாக ஏறாது, ஏற்றினால் பின்னால் ஆபத்து. காத்திருக்கத்தான் வேண்டும். அந்த அம்மா அவர் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். அலறல் மெல்ல முனகலாயிற்று. முனகல் பெருமூச்சாயிற்று. வேர்வை அடங்கியது. பிறகு நான் எதிர்பார்த்துப் பயந்தது தொடங்கியது. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீள ஆரம்பித்தது.

மிச்சமிருந்த ஆம்பியூல்களை டப்பாவோடு எடுத்து என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நல்லவேளை, போட்டுக்கொண்ட கையோடு வராந்தா மொத்தமும் உள்ளே வந்தது.

"திரும்ப தூங்கறாரே" என்றார் தலைவர். "இன்னொரு தபா எழுப்புங்க. இந்த தபா ஒரே பேரா வாங்கிடறேன்."

முதலாளி டிராயரை இழுத்தார். "ஸ்டாக் எங்கம்மா?"

"தீர்ந்துபோச்சு சார். நீங்க போட்ட நாலுதான் கடைசி."

என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக நான் பொய் சொன்னதில்லை. நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டாள். முதலாளி உதட்டைப் பிதுக்கினார். மருந்து இல்லை என்றால் பொறுப்பும் இல்லை என்பது அவர் சித்தாந்தம், முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தலைவர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார்: இன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போய் வலையைக் கட்டி இடத்தைப் பிடித்துக்கொள்வது, கிழவர் தெளிந்ததும் கேட்டு யாருக்கென்று முடிவு பண்ணுவது. அவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் வாசலுக்குப் பறந்தார்கள். எந்தப் பைக் முதலில் கிளம்பியது என்று நான் பார்க்கவில்லை. நைனா மூச்சு விடுகிறாரா என்று இருவரில் ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை மட்டும் பார்த்தேன்.

அவர்கள் போனதும் கோட்டுப் பையிலிருந்து ஒரு ஆம்பியூலை எடுத்து உடைத்தேன். சலைன் விட்டுப் பத்து மில்லி. முதலில் ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இடைவெளி குறைந்தது. முகம் சுளிக்கவில்லை. "இதான் முன்ன போட்டதாம்மா?" என்று அந்த அம்மா பயந்துபோய்க் கேட்டாள். மருந்து அதேதான், அளவுதான் வேறு என்றேன். அவள் சிரிஞ்சை, அதில் நான் தள்ளிய கோட்டை, அவர் நெஞ்சை மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பஸ் கதையெல்லாம் தேவைப்படவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தபோது நானும் ஏறிக்கொண்டேன். டூட்டி நேரத்தில் போகக்கூடாது என்று மாடிப்படியிலிருந்து முதலாளி ஏதோ சொன்னார். காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அட்டையில் கடைசி வரியைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அந்த மாதத்தோடு அங்கே என் வேலை போயிற்று. போகட்டும்.

பொன்னேரி ரோட்டில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. மூச்சு தளர்கிறபோதெல்லாம் ஒரு மில்லி தள்ளினேன். ஒருமுறை தள்ளியபோது அவர் கண்ணைத் திறக்காமலேயே ஏதோ முனகினார். அந்த அம்மா அவர் வாயருகே காதைக் கொண்டுபோனாள். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவர் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

அவளுடைய போன் அடித்தது. பெரியவன். சத்தமாகப் பேசுகிற குடும்பம், எனக்கே கேட்டது. பின்னணியில் படகு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"மா, இன்னா சொல்றாரு நைனா?"

அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பூட்டாருடா" என்றாள்.

நான் திடுக்கிட்டு அவர் நெஞ்சைப் பார்த்தேன், ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது; அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் மோட்டார் நின்றது. தண்ணீர் படகில் மோதும் சத்தம் கேட்டது. அழப்போகிறான் என்று நினைத்தேன். அவனைப் பற்றி அவ்வளவு நேரமும் நான் நினைத்ததெல்லாம் தப்போ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"பூடறதுக்கு முன்னால பேர சொன்னாரா?" என்றான்.

"சொன்னாரு."

"யாரு பேர மா?"

"எம் பேர" என்றாள்.

போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு குனிந்து, அவர் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தாள்.